தனி ஆளாவா?

அன்புள்ள அக்கா,
ஊரு பாப்பாரப்பட்டி பக்கம், ஓசூர்ல ஒரு லேத் பட்டறையில வேலை. சாமுவேல் ஸ்லேட்டர் பத்தி படிச்சேன். இங்கிலாந்துல நூல் மில்லுல தொழில் கத்துகிட்டு, மெஷினெல்லாம் மனப்பாடம் பண்ணிகிட்டு, 1789ல அமெரிக்கா போய் தனி ஆளா மில்லு போட்டிருக்காரு. அது திருட்டாக்கா? அம்மா நகைய வெச்சு நானும் தனி ஆளா பட்டறை போடலாம்னு இருக்கேன், கத்துக்குடுத்த மொதலாளிய நெனச்சா மனசு உறுத்துது.

தம்பி,
தொழில் தெரிஞ்சவன் வெளிநாடு போகக்கூடாதுன்னு அங்க அப்ப சட்டமே இருந்துச்சு. பொறந்த ஊரு பெல்பர்ல அவர துரோகின்னாங்க, அமெரிக்காவுல தொழிலுக்கே தகப்பன்னாங்க. நீ கை வேலைய எடுத்துட்டு போ, கம்பெனி டிராயிங்க பென்டிரைவ்ல போட்டுட்டு போகாத, அவ்ளோதான். எனக்கு கோவம் வந்தது வேற எடத்துல. அம்மா நகைய வெச்சு தனி ஆளாவாடா?

நான் சின்னப் புள்ளையா இருக்கறப்ப எங்க தெருவுல ஒரு மாவு மில்லு, கேரளாவுல இருந்து வந்தவர் வெச்சிருந்தாரு. கேவுரு அரைக்க போனா மாவு கை பொறுக்காத சூட்டுல வந்து விழும். கல்லு மழுங்கிட்டா கொரகொரன்னு வரும், அப்ப ஒரு தாத்தா வந்து கல்ல கழட்டி கவுத்துப் போட்டு உளியால கோடு கோடா கொத்துவாரு, கண் இமை மேலெல்லாம் கல் தூசி. அவர் ரெண்டு நாள் வரலன்னா தெருவுக்கே களி கெடையாது. மொதலாளி செத்தப்ப "உழைப்பால் உயர்ந்தவர்"னு ஊரெல்லாம் போஸ்டர், தாத்தா பேரு இன்னைக்கு ஒருத்தருக்கும் தெரியாது.

ஸ்லேட்டர் கதையும் இதேதான். மனப்பாடம் பண்ணாரு சரி, காசு போட்டது மோசஸ் பிரவுன்ங்கற வியாபாரி குடும்பம், இரும்பு வேலை செஞ்சு குடுத்தது மில்லு இருந்த பாட்டக்கெட் ஊரு கொல்லர் வில்கின்சன், தங்க எடம் குடுத்ததும் அவரே, பொண்ணு ஹன்னாவ கட்டிகிட்டதும் அங்கதான். அந்த ஹன்னா பருத்தியில தையல் நூல் முறுக்கற வழி கண்டுபிடிச்சு 1793ல பேடண்ட் வாங்குனான்னு சொல்வாங்க, அது என்ன பேர்ல தெரியுமா, மிஸஸ் சாமுவேல் ஸ்லேட்டர்! சொந்தப் பேரு கூட கெடையாது.

அப்புறம் 1790ல அந்த மெஷின்ல நின்னது யாருன்னு பாரு. ஏழு வயசுல இருந்து பன்னெண்டு வயசு வரைக்கும் உள்ள புள்ளைங்க, தம்பி. ஸ்லேட்டர் அவங்களுக்கு ஞாயித்துக்கெழம பள்ளிக்கூடம் வெச்சாருன்னு பெருமையா எழுதறாங்க, மத்த ஆறு நாள் எங்க இருந்துச்சாம் அதுங்க? நம்ம பக்கமும் வயசுப் பொண்ணுங்கள திருப்பூர், கோயம்புத்தூர் மில்லுக்கு வேன்ல ஏத்துனாங்களே, மூணு வருஷம் முடிச்சா கல்யாணத்துக்கு மொத்தமா பணம்னு சொல்லி. அந்த மில்லு மொதலாளிங்களும் தனி ஆளா வந்தவங்கதான்னு மேடையில பேசுவாங்க.

பட்டறை போடு, வேணாங்கல. வேலைக்கு வர்ற பசங்களுக்கு மொத மாசத்துல இருந்தே பிஎஃப் கட்டு. மொதலாளிகிட்ட நேர்ல சொல்லிட்டு கெளம்பு, உறுத்தல் போயிடும்.

இன்னொண்ணு, 1824ல அதே பாட்டக்கெட்ல கூலிய கொறைச்சு வேலை நேரத்த கூட்டுனப்ப மெஷின விட்டுட்டு மொதல்ல வெளிய வந்தது தறி ஓட்டுன பொண்ணுங்கதான். நீ படிச்சதுல அது இருந்துச்சா?