சான் பிரான்சிஸ்கோ கரையோர மின்சார சைக்கிள் சுற்றுலாவுக்கு வழிகாட்டி தேவையா, நாமே வாடகைக்கு எடுத்து ஓட்டினால் போதாதா?

வழி தெரிவதற்கு மட்டும் என்றால் வழிகாட்டி தேவையே இல்லை. ஃபெர்ரி பில்டிங் என்ற படகு நிலையத்தில் கிளம்பி, தண்ணீரை வலது கைப் பக்கம் வைத்துக்கொண்டே போனால் கோல்டன் கேட் பாலம் வந்துவிடும். ஆனாலும் முதல் முறை போகிறவர்களை நான் வழிகாட்டியோடுதான் போகச் சொல்வேன்.

ஃப்ரீமான்ட்டில் தம்பி வீட்டில் தங்கியிருந்தபோது நானும் கணவரும் போனோம். நான் சைக்கிளைத் தொட்டு இருபத்தைந்து வருடம் ஆகியிருந்தது. கிளம்பும் முன் காலி இடத்தில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள், நல்லவேளை. நம் ஊர் சைக்கிளில் வலது கைப் பிரேக் முன் சக்கரத்துக்கு. அமெரிக்காவில் நேர்மாறு, இடது கைதான் முன் சக்கரம். பழக்கதோஷத்தில் இடதை இறுக்கிப் பிடித்தேன். சைக்கிள் நின்றுவிட்டது, நான் நிற்கவில்லை. விழவில்லை, ஹேண்டில்பாரில் நெஞ்சு இடித்ததோடு சரி. இன்னொன்று, சிக்னலில் நிற்கும்போது பெடல் மேல் காலை அழுத்தி வைக்காதீர்கள். மிதிக்கிறோம் என்று நினைத்து மோட்டார் வண்டியை முன்னால் தள்ளிவிடும்.

வழிகாட்டியின் அருமை ஃபெர்ரி பில்டிங் எதிரிலேயே தெரிந்தது. 1898-இல் கட்டிய மணிக்கூண்டுக் கட்டிடம், 1906 நிலநடுக்கத்தையும் தாண்டி நிற்கிறது. அதைக் காட்டாமல், எங்கள் தலைக்கு மேலே வெறும் வானத்தைக் காட்டினார். ஒரு காலத்தில் அங்கே இரண்டடுக்கு மேம்பாலச் சாலை ஓடியதாம். கட்டிடத்தையும் கடலையும் ஊரிலிருந்து மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. 1989 அக்டோபர் 17 நிலநடுக்கத்தில் அது சேதமானது, 1991-இல் இடித்தார்கள். சைனாடவுன் வியாபாரிகள் இடிக்கவே கூடாது என்று போராடியிருக்கிறார்கள். வாடிக்கையாளர்கள் வந்த வழி அதுதான். தனியாகப் போயிருந்தால் ஈச்ச மரங்களைப் போட்டோ எடுத்துக்கொண்டு நகர்ந்திருப்பேன். இல்லாத ஒன்றை நாமாக எப்படிப் பார்ப்பது?

படகுத்துறை எண்களும் அப்படித்தான். ஃபெர்ரி பில்டிங்குக்கு வடக்கே எல்லாம் ஒற்றைப்படை, தெற்கே இரட்டைப்படை. கடல் சிங்கங்கள் படுத்துக் கத்தும் பியர் 39 வடக்கே இருக்கிறது. அவை அங்கே வந்து குடியேறியதும் அந்த 1989 நிலநடுக்கத்தை ஒட்டிய குளிர்காலத்தில்தான்.

அப்புறம் ஃபிஷர்மன்ஸ் வார்ஃப் பக்கம் கூட்டம். பழைய டிராம் வண்டிகளின் தண்டவாளம் வேறு. தண்டவாளத்தைச் சாய்வாகக் கடந்தால் டயர் இடுக்கில் மாட்டும், குறுக்கே நேராகக் கடக்க வேண்டும். அங்கே இறங்கித் தள்ளினேன், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

மோட்டாருக்குக் கொடுத்த காசு ஃபோர்ட் மேசன் மேட்டில் வசூலாகிவிடும். சாதாரண சைக்கிள்காரர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டிருக்க, நாங்கள் மூச்சு வாங்காமல் ஏறினோம். கொஞ்சம் அற்ப சந்தோஷம்தான். அதைத் தாண்டினால் மெரினா. சென்னை மெரினா இல்லை. 1915 உலகக் கண்காட்சிக்காகக் கடலோரத்தை நிரப்பி எடுத்த நிலம். நிரப்பிய மண் என்பதால் 1989-இல் அங்கே வீடுகள் மோசமாக அடிவாங்கின. அடுத்து க்ரிஸ்ஸி ஃபீல்ட், பழைய ராணுவ விமானத் திடல். வழி முழுக்கப் பாலம் கண்ணெதிரிலேயே இருக்கும்.

முன்பதிவுக்கு முன் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, குழுவில் எத்தனை பேர். பத்துக்கு மேல் போனால் வாலில் இருப்பவருக்கு ஒரு கதையும் காதில் விழாது. இரண்டாவது, பாலத்தோடு திரும்புகிறார்களா, பாலம் தாண்டி எதிர்க்கரை ஊரான சாசலிட்டோ வரை போய்ப் படகில் வருகிறார்களா. சாசலிட்டோ இறக்கம் செங்குத்து, கார்களோடு சேர்ந்து இறங்க வேண்டும். என் மாதிரி ஆட்களுக்குப் பாலமே போதும்.

ஜூலையானாலும் காற்றுப் புகாத மேல்சட்டை வேண்டும். மத்தியானத்துக்கு மேல் மேற்கிலிருந்து காற்று முகத்தில் அடிக்கும், அதனால் காலைப் பயணம் நல்லது. நாங்கள் பிற்பகலில் போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டோம். திரும்பும்போது அதே காற்று முதுகைத் தள்ளியது. க்ரிஸ்ஸி ஃபீல்ட் நெடுக மோட்டாரை அணைத்துவிட்டு ஓட்டினேன். கணவர் கடைசி வரை அணைக்கவில்லை, "காசு கொடுத்திருக்கோம்ல" என்றார்.