கூடாரத்துக்குள் கங்கு வைக்கலாமா?

கேள்வி: ஜனவரியில் கொடைக்கானல் மேல்மலையில், மன்னவனூர்ப் பக்கம் ஒரு தனியார் தோட்டத்தில் குடும்பத்துடன் கூடாரமிட்டுத் தங்க இருக்கிறோம். மாலையில் கணப்பு மூட்டித் தருவதாகத் தோட்டக்காரர் சொல்கிறார். புகை அடங்கிய கங்குகளைக் குமுட்டி அடுப்பில் அள்ளி இரவில் கூடாரத்துக்குள் வைத்துக்கொண்டால் குழந்தைகளுக்குக் குளிராது என்கிறார் என் மைத்துனர். வைக்கலாமா?
— ஒரு வாசகி, திண்டுக்கல்.

பதில்: வைக்கவே கூடாது, வாயிலைச் சற்றுத் திறந்து வைத்துக்கொண்டாலும் கூடாது. புகை வந்தால் கண் எரியும், இருமல் வரும், எழுந்து வெளியே ஓடிவிடுவோம். புகையில்லாத கங்கிலிருந்து வெளியேறும் கார்பன் மோனாக்சைடுக்கோ நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக அது இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்வதால், தலைவலியும் குமட்டலும் எழுப்பிவிடும் முன்பே தூங்குபவர் நினைவிழந்துவிடக்கூடும். கேஸ் அடுப்புக்கும் இதே விதிதான்.

கணப்பை வெளியே மூட்டி, படுக்கும் வரை குளிர்காயுங்கள். நைலான், பாலியெஸ்டர் கூடாரத் துணியை ஒரு பொறியே உருக்கி ஓட்டையாக்கிவிடும் என்பதால், கூடாரத்திலிருந்து குறைந்தது 15 அடி தள்ளி, காற்று கூடாரத்தின் பக்கம் வீசாத இடமாகப் பார்க்க வேண்டும். அந்தப் பகுதியில் தைலமரமும் பைனும் அதிகம். எண்ணெய்ப் பசையுள்ள அவற்றின் சருகுகளை மண் தெரியும்வரை கூட்டி அகற்றாமல் தீ வைக்கக் கூடாது. ஓடையில் கிடக்கும் ஈரக்கற்களை அடுப்பைச் சுற்றி அடுக்கினால், உள்ளிருக்கும் நீர் ஆவியாகிக் கல் வெடித்துச் சிதறலாம். நனைந்த விறகு பிடிக்கவில்லையென்று பெட்ரோலை ஊற்றுவதும், துப்பட்டாவைத் தொங்கவிட்டபடி நெருப்பருகே குனிவதும் வேண்டாம். காப்புக்காட்டுக்குள் கணப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. 2018 மார்ச்சில் குரங்கணி மலையின் காய்ந்த புல்லில் பரவிய தீயில் மலையேறச் சென்றவர்களில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள்.

அணைப்பதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். மண்ணைப் போட்டு மூடினால் அடியில் கங்கு மணிக்கணக்கில் உயிரோடிருக்கும். தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடியும் ஊற்றுங்கள். 'உஸ்' என்ற சத்தம் நின்ற பிறகு புறங்கையைச் சாம்பலுக்கு மேலே காட்டிப் பாருங்கள். சூடு தெரியாவிட்டால்தான் படுக்கப் போகலாம்.

இரவுக் குளிர் பெரும்பாலும் தரையிலிருந்துதான் ஏறும். போர்வையை ஒன்று குறைத்துக்கொண்டாலும் பரவாயில்லை, கீழே கோரைப்பாயும் அதன்மேல் கனத்த ஜமுக்காளமும் இருக்கட்டும். பகலில் வியர்த்த உடையைக் களைந்து, உலர்ந்த காலுறையும் குல்லாவும் அணிவியுங்கள். மூடி இறுக்கமான பாட்டிலில் வெந்நீர் நிரப்பி, துண்டு சுற்றிக் கால்மாட்டில் வைத்தால் நெடுநேரம் கதகதப்பாக இருக்கும். கைக்குழந்தையின் அருகில் மட்டும் வைக்க வேண்டாம். மைத்துனர் குளிருக்கென்று வேறு ஏதேனும் பாட்டிலைப் பையில் போட்டிருந்தால் அதையும் தடுத்துவிடுங்கள்: மது, தோலடி இரத்தக் குழாய்களை விரித்து உடலின் சூட்டை வெளியே விரட்டும், சூடேறுவது போலத் தோன்றுவது அதனால்தான்.