நான்காவது பேட்டரி வாங்குவதற்கு முன்: பழைய டூரிங் வண்டிகள், வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய டூரிங் வண்டிகளை, அதாவது நீண்ட தூரப் பயணத்துக்கான பெரிய மோட்டார் சைக்கிள்களைப் பற்றியவை. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் என்பதால் மற்ற கடிதங்களை அடுத்த இதழுக்கு ஒதுக்கி வைத்துவிட்டேன். 22 வருடமாக ஒரே நான்கு சிலிண்டர் வண்டியை வைத்திருக்கிறேன். அதன் இடது பக்கப் பெட்டியில் ஒரு மல்டிமீட்டரும் ஒரு நோட்டுப் புத்தகமும் எப்போதும் இருக்கும். மாதம் ஒருமுறை பேட்டரி வோல்ட்டை அளந்து எழுதி வைப்பேன். கீழே வரும் பதில்களில் பல அந்த நோட்டிலிருந்து வந்தவைதான்.

என்னிடம் 1985 ஹோண்டா கோல்ட் விங் ஜி.எல்.1200 இருக்கிறது. பகலில் எவ்வளவு தூரம் ஓட்டினாலும் தொந்தரவு இல்லை. இரவில் மூன்று மணி நேரம் போனால் ஹெட்லைட் மங்கிக்கொண்டே வந்து வண்டி நின்றுவிடுகிறது. இரண்டு வருடத்தில் மூன்று பேட்டரி மாற்றிவிட்டேன். அடுத்து எந்த பேட்டரி வாங்கலாம்?

எதையும் வாங்காதீர்கள். அந்த மூன்று பேட்டரிகளும் நல்லவையாகத்தான் இருந்திருக்கும். சார்ஜ் சரியாக ஏறாத வண்டியில் எவ்வளவு நல்ல பேட்டரியும் பட்டினியில் செத்துப்போகும்.

உங்கள் கடிதத்திலேயே கணக்கு இருக்கிறது. 55 வாட் ஹெட்லைட் மட்டும் ஏறக்குறைய நாலரை ஆம்பியர் இழுக்கும். இக்னிஷன், டெயில் லைட், மீட்டர் விளக்குகள், அவ்வப்போது சுற்றும் ரேடியேட்டர் ஃபேன் எல்லாம் சேர்ந்தால் 10 ஆம்பியரை நெருங்கும். சார்ஜிங் பாதிதான் வேலை செய்கிறது என்றால், மீதி 5 ஆம்பியரை பேட்டரி கொடுக்க வேண்டும். 20 ஆம்பியர்-மணி பேட்டரி காகிதத்தில் நான்கு மணி நேரம் தாங்கும். என்றைக்குமே முழுதாக நிறையாத பேட்டரி என்றால் மூன்று. பகலில் ஹெட்லைட்டை அணைத்து ஓட்டுவதால் அரைகுறை சார்ஜே போதுமாகிவிடுகிறது.

இனி அளப்போம். வண்டியை இரவு முழுக்க நிறுத்தி வைத்து, காலையில் சாவியைத் தொடாமல் பேட்டரியின் வோல்ட்டைப் பாருங்கள். 12.6க்குக் குறையாமல் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது. குறைந்தால் சார்ஜரில் போட்டு நிறைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து 3,000 ஆர்.பி.எம்.மில் வைத்துப் பார்த்தால் 13.5 முதல் 14.5 வரை வர வேண்டும். ஹெட்லைட்டைப் போட்டதும் 13க்குக் கீழே இறங்கினால் சார்ஜ் பற்றவில்லை என்று அர்த்தம். 15ஐத் தாண்டினால், வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போய்விட்டது.

பற்றவில்லை என்று தெரிந்தால் நேராக மஞ்சள் ஒயர்களிடம் போங்கள். மின்சாரம் தயாரிக்கும் சுருளான ஸ்டேட்டரிலிருந்து மூன்று மஞ்சள் ஒயர்கள் வெளியே வந்து ஒரு கனெக்டரில் சேரும். ஜி.எல்.1200 வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் பழக்கமான இடம் அது. முனையில் கொஞ்சம் பச்சை பிடித்தால் போதும், அங்கே சூடு ஏறும். சூட்டில் முனை தளரும். தளர்ந்தால் இன்னும் சூடு. கழற்றினால் பிளாஸ்டிக் பழுப்பேறி, ஒரு முனையாவது கருகியிருக்க நிறைய வாய்ப்பு. கனெக்டரைப் பிரித்த நிலையில், இன்ஜின் ஓடும்போது மஞ்சள் ஒயர்களை இரண்டிரண்டாக ஏ.சி. வோல்ட்டில் அளங்கள். மூன்று ஜோடிக்கும் ஒரே அளவு வருகிறதா, ரேஸ் செய்தால் மூன்றும் சேர்ந்து ஏறுகிறதா என்பதுதான் முக்கியம். இன்ஜினை நிறுத்திவிட்டு, எந்த மஞ்சள் ஒயருக்கும் இன்ஜின் பாடிக்கும் நடுவே தொடர்பு இல்லை என்பதையும் பார்த்துவிடுங்கள். இருந்தால் ஸ்டேட்டர் எரிந்திருக்கிறது.

ஸ்டேட்டர் நல்லபடியாக இருந்தால் கனெக்டரை வெட்டி எறியுங்கள். நல்ல செம்பு தெரியும்வரை ஒயரை நறுக்கி, நேருக்கு நேர் சாலிடர் செய்து, ஸ்லீவ் போட்டு மூடுங்கள். மூன்றும் ஏ.சி. என்பதால் எந்த மஞ்சளை எந்த மஞ்சளோடு சேர்த்தாலும் சரிதான். ஒரு மணி நேர வேலை.

ஸ்டேட்டரே போயிருந்தால் வேலை பெரிது. இந்த மாடலில் அது இன்ஜினின் பின்பக்கம் இருக்கிறது. மாற்ற இன்ஜினையே இறக்க வேண்டும். அதனால்தான் பலர் இன்ஜின் முன்பக்கம் பெல்ட் வைத்து, கார்களில் வருவது போன்ற ஆல்டர்னேட்டரை மாட்டிக்கொள்கிறார்கள். தூரம் போகிறவருக்கு அது நல்ல மாற்றம் என்றே சொல்வேன். 1988ல் வந்த ஜி.எல்.1500ல் தயாரிப்பாளர்களே தனி ஆல்டர்னேட்டருக்கு மாறிவிட்டார்கள். ஆனால் அந்த முடிவுக்கு மீட்டர்தான் உங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

சார்ஜிங் பளுவைக் குறைக்க ஹெட்லைட்டை எல்.இ.டி. ஆக்கினால் ஸ்டேட்டர் சூடாகாமல் இருக்கும் என்கிறார்கள். உண்மையா?

பழைய வண்டிகளில் பெரும்பாலும் உண்மை இல்லை. அவற்றின் ரெகுலேட்டர் ஷண்ட் வகை. தேவைக்கு மேல் வருகிற மின்சாரத்தை அது தடுக்காது. ஸ்டேட்டர் ஒயர்களையே குறுக்கே இணைத்துச் சுற்றவிட்டுவிடும். நீங்கள் விளக்கை எரித்தாலும் அணைத்தாலும் ஸ்டேட்டர் முழு வேகத்தில் உழைத்துக்கொண்டுதான் இருக்கும். பேட்டரிக்கு மிச்சம் கிடைக்கும், அது நல்லதுதான். ஆனால் ஸ்டேட்டர் குளிராது. அது குளிர வேண்டுமானால் சீரீஸ் வகை ரெகுலேட்டர் போட வேண்டும். தேவை இல்லாதபோது அது இணைப்பையே திறந்துவிடும்.

விளக்கு மங்கலாக இருக்கிறது என்பதுதான் உங்கள் உண்மையான குறை என்றால், முதலில் பல்பின் முனையில் வோல்ட் அளங்கள். பழைய வண்டிகளில் ஹெட்லைட் மின்சாரம் சாவி, ஹேண்டில் சுவிட்ச் எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு வரும். வழியில் வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் ஹாலஜன் பல்பின் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறைந்துவிடும். பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாகத் தடித்த ஒயர் இழுத்து, ஒரு ரிலே வைத்து, பழைய சுவிட்ச் அந்த ரிலேயை மட்டும் இயக்கும்படி செய்துவிட்டால் அதே பல்ப் வேறு பல்ப் போல எரியும். ஹாலஜன் இழை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டு வார்த்த ரிஃப்ளெக்டரில் எல்.இ.டி. பல்பைச் செருகினால், வெளிச்சம் சாலையில் விழாமல் எதிரே வருபவர் கண்ணில் விழலாம். அதை மட்டும் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பி.எம்.டபிள்யூ ஆர்.100. சாவியைப் போட்டால் சார்ஜிங் விளக்கு எரிவதில்லை. பேட்டரியும் இறங்குகிறது.

அந்த விளக்கின் பல்பை மாற்றிப் பாருங்கள். இந்த வண்டியில் ஆல்டர்னேட்டரின் சுழலும் பகுதியான ரோட்டருக்கு முதல் காந்தத்தைக் கொடுப்பதே அந்தச் சின்ன பல்ப் வழியாகப் போகும் மின்சாரம்தான். பல்ப் போனால் சார்ஜும் தொடங்காது. பல்ப் நன்றாக இருந்தால் அடுத்து ரோட்டரின் கார்பன் பிரஷ்களைப் பாருங்கள். அந்த இடத்தில் எல்.இ.டி. போடாதீர்கள், அதற்குப் போதுமான மின்சாரம் போகாது.

நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் நல்ல வேகத்தில் போன பிறகு வண்டி திணறி நின்றுவிடுகிறது. கால்மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறது. கார்புரேட்டரை இரண்டு முறை கழற்றிச் சுத்தம் செய்தாகிவிட்டது.

இதே தொந்தரவில் நான் ஒரு மழைக்காலம் முழுவதையும் தொலைத்திருக்கிறேன். சூட்டில் இக்னிஷன் காயில் படுக்கிறது என்று நம்பி இரண்டு காயில் மாற்றினேன். கடைசியில், டேங்க்கின் மேல் கட்டியிருந்த பையின் மழை உறை பெட்ரோல் மூடியின் காற்றுத் துளையை அழுத்திக்கொண்டிருந்தது தெரிந்தது. பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே காற்று வர வேண்டும். வராவிட்டால் டேங்க்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் இறங்குவது நின்றுபோகும். மெதுவாகப் போனால் தெரியாது, வேகமாகப் போனால் நின்றுவிடும்.

அடுத்த முறை நிற்கும்போது உடனே மூடியைத் திறங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டு, வண்டியும் ஸ்டார்ட் ஆனால் துளையைச் சுத்தம் செய்தால் போதும். சத்தம் இல்லையென்றால் சூடு ஆறுவதற்குள் ஒரு பிளக்கைக் கழற்றி, இன்ஜினில் எர்த் ஆகும்படி வைத்து, பொறி வருகிறதா பாருங்கள். பெட்ரோல் ஆவி இல்லாத இடமாக, பிளக் துளைக்குத் தள்ளி வைத்துப் பாருங்கள். சூட்டில் பொறி இல்லை, ஆறினால் வருகிறது என்றால், பொறி வரவேண்டிய நேரத்தைச் சொல்லும் பிக்கப் காயிலோ இக்னிஷன் யூனிட்டோ போயிருக்கிறது. வண்டி ஆறிய பிறகு வீட்டில் வைத்துச் சோதித்தால் எல்லாம் நல்லபடியாகத்தான் தெரியும். இந்தக் குறையை அது நடக்கிற இடத்தில்தான் பிடிக்க முடியும்.

கவாசாகி ஜி.டி.ஆர்.1000, மூன்று வாரம் நின்றிருந்தது. ஸ்டார்ட்டரை அழுத்தினால் 'டொக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி புதிது.

மறுபடி அழுத்தாதீர்கள். கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் ஃப்ளோட் வால்வும் பெட்ரோல் டேப்பும் சேர்ந்து கசிந்தால் சிலிண்டருக்குள் பெட்ரோல் நிறைந்துவிடும். காற்றை அமுக்கலாம், பெட்ரோலை அமுக்க முடியாது. பிஸ்டன் மோதி கனெக்டிங் ராடு வளையும். நான்கு பிளக்கையும் கழற்றிவிட்டு, பின் சக்கரத்தை டாப் கியரில் கையால் சுற்றி பெட்ரோலை வெளியேற்றுங்கள். பக்கத்தில் நெருப்பு, பொறி எதுவும் வேண்டாம். இன்ஜின் ஆயிலில் பெட்ரோல் வாசம் அடித்தால் ஆயிலையும் மாற்றிவிடுங்கள். வேக்குவம் டேப்பின் டயாஃப்ரமும் ஃப்ளோட் ஊசிகளும் மாறும்வரை ஓட்ட வேண்டாம்.

பின்னால் பெட்டி நிறையச் சாமான் வைத்தால் 100க்கு மேல் வண்டி பாம்பு போல நெளிகிறது. ஆக்ஸிலேட்டரை விட்டால் 70, 60 வேகத்தில் ஹேண்டில் உதறுகிறது. ஹேண்டில் ஆட்டத்தை அடக்கும் ஸ்டியரிங் டேம்பர் போடலாமா?

இரண்டும் வேறு வேறு நோய்கள். நெளிவது பளுவால். மேல் பெட்டி பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. அங்கே ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் முன் சக்கரத்தைத் தூக்கிவிடும். கனமானதைப் பக்கப் பெட்டிகளில், முடிந்தவரை அடியிலும் முன்னாலும் வையுங்கள். மேல் பெட்டியில் மழைக்கோட்டும் கையுறையும் போதும். பின் ஸ்பிரிங்கின் இறுக்கத்தையும் டயர் காற்றையும் பளுவுக்குத் தகுந்தபடி ஏற்றுங்கள். நீங்கள் ஏறி உட்கார்ந்தால் சஸ்பென்ஷன் மொத்த ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறங்கக் கூடாது. சாமானோடு அளந்து பாருங்கள்.

உதறல் முன்பக்கத்து விஷயம். நடு ஸ்டாண்டில் போட்டு முன் சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டிலை ஒரு விரலால் மெல்லத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் ஒரு பள்ளத்தில் விழுவது போல நின்றால், ஹேண்டில் திரும்பும் பேரிங்கான கோன் செட் தேய்ந்துவிட்டது. ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தால் ஆட்டம் இருந்தால் தளர்ந்திருக்கிறது. மாற்றும்போது டேப்பர் ரோலர் வகையாகப் போடுங்கள். கனமான வண்டிக்கு அது உண்மையான மேம்பாடு. முன் டயர் அலை அலையாகத் தேய்ந்திருந்தாலும் இதே உதறல் வரும். குறையைச் சரி செய்யாமல் டேம்பர் போட்டால் அது குறையை மறைக்கும், குறை வளர்ந்துகொண்டே இருக்கும்.

பிரேக் பிடிப்பு போதவில்லை. புதிய ஸ்போர்ட்ஸ் வண்டியின் முன்பக்கத்தை அப்படியே மாற்றலாமா?

வேண்டாம். ஃபோர்க்கின் நீளமும் கோணமும் மாறினால் வண்டியின் நடையே மாறிவிடும். ரப்பர் பிரேக் ஹோஸ்களுக்குப் பதிலாக ஸ்டீல் பின்னல் ஹோஸ், காலிப்பருக்குப் புது சீல்கள், புது டாட் 4 பிரேக் திரவம். இந்த மூன்றையும் செய்துவிட்டு மறுபடி எழுதுங்கள். டாட் 4 திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் குடித்த பிறகு அந்த வரம்பு 155 டிகிரி. மலை இறக்கத்தில் லீவர் பஞ்சு போல ஆவது அதனால்தான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும்.

அப்பாவின் 1976 கோல்ட் விங் ஒன்பது வருடமாக நிற்கிறது. அவர் இல்லை. எனக்கு ஓட்டத் தெரியும், ரிப்பேர் தெரியாது. ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?

இப்போது வேண்டாம், அம்மா. ஸ்டார்ட்டரைத் தொடும் முன்பு, வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் இரண்டையும் மாற்றிவிட வேண்டும். ஓடாமலே இருந்தாலும் ரப்பருக்கு வயதாகும். பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதும். அதன் பிறகு அந்த இன்ஜினைக் காப்பாற்றுவது கடினம்.

அதற்கு முன் நீங்களே செய்யக்கூடியவை நிறைய உண்டு. பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு இரண்டு நாள் ஊறவிடுங்கள். பழைய பெட்ரோலை இறக்கிவிடுங்கள். டேங்க் என்று நீங்கள் நினைக்கும் மேல் பகுதி வெறும் உறைதான். உண்மையான டேங்க் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. அந்த உறையைத் திறந்தால் உள்ளே அவசரத்துக்கான கிக் லீவர் இருக்கும். அப்பா பத்திரமாக வைத்திருந்தால் அது இன்னும் அங்கேயே இருக்கலாம்.

டயரில் பட்டன் நிறைய இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பார்க்காதீர்கள், பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். 2312 என்றால் 2012ஆம் வருடத்து 23ஆவது வாரம். உங்கள் டயர் குறைந்தது ஒன்பது வருடம் பழையது, மாற்றத்தான் வேண்டும். பிரேக் திரவமும் ஹோஸ்களும் அப்படியே.

பெல்ட் மாறிய பிறகு பேட்டரியை மாட்டுங்கள். முதல் தடவை ஓடியதும் 3,000 ஆர்.பி.எம்.மில் எத்தனை வோல்ட் வந்தது என்று எழுதி அனுப்புங்கள். என் நோட்டில் உங்கள் அப்பாவின் வண்டிக்கு ஒரு பக்கம் ஒதுக்கி வைக்கிறேன்.