மூச்சுப் பயிற்சி செய்தால் படபடப்பு கூடுகிறதே!

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

எனக்கு வயது 34. கணக்குப் பிரிவில் வேலை. மூன்று மாதமாக இரவு மூன்று மணி வாக்கில் விழிப்பு வந்துவிடுகிறது. கண் திறந்ததுமே நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். மறுநாள் வேலை, பிள்ளையின் படிப்பு, கடன் என்று மனம் தாவிக்கொண்டே இருக்கும். இசிஜி, தைராய்டு, ரத்தசோகை எல்லாம் பார்த்தாயிற்று, குறையில்லை என்கிறார்கள். ஆழமாக மூச்சை இழுத்துவிடச் சொன்னார்கள். அப்படிச் செய்தால் தலை சுற்றி, விரல் நுனி மரத்துப்போய், பயம்தான் கூடுகிறது. நான் என்ன செய்வது?

– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

'ஆழமாக' என்ற அந்த ஒரு சொல்தான் வினை. பதறும்போது நாம் ஏற்கெனவே தேவைக்கு மேல் மூச்சு வாங்குகிறோம். அதோடு நெஞ்சு நிறைய இழுத்து இழுத்து விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துபோகும். மூளையின் ரத்தக் குழாய்கள் சற்றுச் சுருங்கும். தலைசுற்றலும் விரல் மரப்பும் அதனால்தான். மூச்சைச் சீராக்கினால் சில நிமிடங்களில் அடங்கிவிடும்.

உங்களுக்கு வேண்டியது பெரிய மூச்சு அல்ல, மெதுவான மூச்சு. ஒரு கையை வயிற்றில் வையுங்கள். வாயை மூடி, வழக்கமான அளவே மூக்கால் இழுங்கள். மனத்துக்குள் நான்கு எண்ணுங்கள். வயிறு எழ வேண்டும், தோள் எழக் கூடாது. பிறகு ஆறு எண்ணும் வரை மெல்ல விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். மூச்சு முட்டினால் மூன்றுக்கு நான்கு என்று குறைத்துக்கொள்ளலாம். விடுவது நீளமாக இருந்தால் போதும். இதைப் பகலில், மனம் அமைதியாக இருக்கும்போது, ஐந்து நிமிடம் வீதம் இரண்டு வேளை பழகுங்கள். பலரும் தவறுவது இங்கேதான். பதற்றம் வந்த பிறகு முதன்முதலாகச் செய்து பார்த்துவிட்டு, பலனில்லை என்று விட்டுவிடுகிறார்கள்.

இனி அந்த மூன்று மணி. கடிகாரத்தையோ கைபேசியையோ பார்க்காதீர்கள். 'இன்னும் மூன்று மணி நேரம்தான் இருக்கிறது' என்று கணக்குப் போடத் தொடங்கினால் தூக்கம் போயே போய்விடும் (கணக்குப் பிரிவில் இருப்பவருக்குச் சொல்ல வேண்டுமா?). சுமார் இருபது நிமிடம் புரண்டும் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் சுவாரசியமில்லாத எதையாவது படியுங்கள். கண் சொக்கிய பிறகே படுக்கைக்குத் திரும்புங்கள். எப்படித் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுந்துவிடுங்கள். பகல் இரண்டு மணிக்கு மேல் காபி வேண்டாம். அதிலுள்ள காஃபீனில் ஏறக்குறைய பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் நிற்கும்.

கவலைகளுக்கும் நேரம் ஒதுக்குங்கள். மாலையில் பதினைந்து நிமிடம், நோட்டும் பேனாவுமாக, படுக்கையறைக்கு வெளியே. 'கடன்' என்று மொட்டையாக எழுதினால் பயம்தான் வளரும். 'இந்த மாதத் தவணைக்கு எவ்வளவு குறைகிறது, யாரிடம் பேச வேண்டும்' என்று எழுதினால் நாளைக்கு ஒரு வேலை கிடைக்கும். நம் கையில் இல்லாத கவலைக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு நகருங்கள். இரவில் அதே கவலை வந்தால், 'மாலையில் பார்க்கலாம்' என்று தள்ளிவைக்க அப்போதுதான் மனம் சம்மதிக்கும். முதல் வாரம் சம்மதிக்காது, பரவாயில்லை.

நான்கைந்து வாரம் இப்படிச் செய்தும் மாற்றமில்லை என்றால், நேரில் ஓர் உளவியல் நிபுணரிடம் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை (எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசிப் பேசி மாற்றப் பழக்கும் முறை) பற்றிக் கேளுங்கள். வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் தலைகாட்டினால் மட்டும் ஒருநாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.