படிக்க உட்கார்ந்தால் மனம் ஏன் அலைபாய்கிறது?

"புத்தகத்தைத் திறந்த கொஞ்ச நேரத்திலேயே மனசு எங்கெங்கோ போயிடுது, எனக்கு மட்டும்தான் இப்படியா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நிச்சயமாக இல்லை. 2010-இல் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற இரு உளவியலாளர்கள் 2,250 பேரிடம் செல்போன் செயலி வழியாக, நாளின் வெவ்வேறு நேரங்களில் "இப்போது என்ன செய்கிறீர்கள், மனதில் என்ன ஓடுகிறது?" என்று கேட்டார்கள். 46.9 சதவீத நேரம், செய்துகொண்டிருந்த வேலையில் மனம் இல்லை. ஏறக்குறைய பாதி!

மூளை சும்மா இருக்கவே இருக்காது. வெளியே கவனிக்க ஒன்றும் இல்லாவிட்டால் பழைய நினைவுகளையும் நாளைய கவலைகளையும் அசைபோட ஆரம்பித்துவிடும். இதற்கென்றே சில பகுதிகள் சேர்ந்து இயங்குகின்றன. படிக்கும் பாடம் சலிப்பாக இருந்தாலும் அவை மெல்லத் தலைதூக்கும். கண் வரிகளில் ஓடும், விரல் பக்கத்தைப் புரட்டும், ஆனால் கடைசியாகப் படித்த பத்தியில் என்ன இருந்தது என்று கேட்டால் பதில் வராது.

என்னைக் கேட்டால், பெரும்பாலும் மனம் கண்டபடி அலைவதில்லை. முடிக்காமல் விட்ட வேலையைத் தேடித்தான் போகிறது. அனுப்பாத பதில், கட்டாத பில், பாதியில் நின்ற பேச்சு. 2011-இல் மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரு உளவியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். முடியாத வேலை மனதில் இருந்தவர்களுக்குப் படிக்கும்போது அதே நினைப்பு குறுக்கே வந்துகொண்டிருந்தது. அந்த வேலையை எப்போது, எப்படிச் செய்வது என்று திட்டம் போட்டவர்களுக்கோ அந்தத் தொந்தரவு குறைந்தது. வேலையை முடிக்கக்கூட இல்லை, திட்டம் மட்டும்தான் போட்டார்கள்!

அதனால் நான் படிக்கும்போது பக்கத்தில் ஒரு துண்டுத்தாள் வைத்துக்கொள்கிறேன். "பில்" என்று மட்டும் எழுதினால் போதாது, மனம் விடாது. "பில், சாப்பிட்டதும், செல்போனில் கட்டணும்" என்று நேரத்தோடு எழுதினால் சட்டென்று அடங்கிவிடுகிறது. செல்போனை வேறு அறையில் வையுங்கள், அதைப் பற்றி நிறையப் பேர் சொல்லியிருப்பார்கள்.

இடைவேளையும் அவசியம். 1948-இல் மேக்வொர்த் என்ற உளவியலாளர் செய்த சோதனையில், பங்கேற்றவர்கள் ஒரு கடிகார முள் எப்போதாவது இரட்டைத் தாவல் தாவுவதைக் கண்டுபிடிக்க வேண்டும். அரை மணி நேரத்திலேயே தவறவிடுவது கூடிவிட்டது. மூன்று மணி நேரம் அசையாமல் உட்காரும்படி உங்களை வருத்திக்கொள்ளாதீர்கள்.

சின்ன வயதிலிருந்தே இப்படித்தான், வேலையும் உறவுகளும்கூடப் பாதிக்கப்படுகின்றன என்றால் தயங்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். ஏடிஹெச்டி (கவனத்தை நிறுத்த முடியாமல் போகும் ஒரு குறைபாடு) இருந்தால் அதற்குச் சிகிச்சை இருக்கிறது. சரியான தூக்கம் இல்லை என்றால் அதையும் அவரிடம் சொல்லுங்கள்.