நீண்ட தூர ஓட்டம் தனிமையான விஷயம்தானே, அதில் உறவும் வாழ்க்கைக்கு அர்த்தமும் எப்படிக் கிடைக்கும்?

கால்கள் நம்முடையவைதான், ஆனால் மாரத்தானின் 42.195 கிலோமீட்டரை முழுக்கத் தனியாக ஓடி முடிப்பவர்கள் ரொம்பக் குறைவு. 2019-இல் வியன்னாவில் கென்ய ஓட்டவீரர் எலியுட் கிப்சோகே அந்தத் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 வினாடியில் கடந்தபோது, காற்றைத் தடுத்து வேகம் குறையாமல் பார்த்துக்கொள்ள 41 பேர் முறைவைத்து அவரோடு ஓடினார்கள் (இதுபோன்ற உதவிகளால் அது அதிகாரப்பூர்வ சாதனையாகச் சேரவில்லை, அது வேறு விஷயம்).

சரி, நம்மைப் போன்றவர்களுக்கு? பயிற்சியில் பெரும்பகுதி பேசிக்கொண்டே போகக்கூடிய மெதுவான வேகத்தில்தான் இருக்க வேண்டும். பக்கத்தில் ஓடுபவரின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, எங்கேயும் அவசரமாகப் போக வேண்டியதில்லை, அதனால் எதிரெதிரே உட்கார்ந்தால் வாயில் வராததெல்லாம் அங்கே தானாக வந்துவிடும். அப்புறம் 30 கிலோமீட்டர் வாக்கில் உடம்பில் சேமித்த சர்க்கரை தீர்ந்து கால் கனக்கும்போது பேச்சு நின்றுவிடும், கூட ஒருவர் ஓடுகிறார் என்பதே போதும்.

அர்த்தம் வேண்டுமென்றால் பதக்கத்தைவிட, பார்வையற்ற ஓட்டக்காரருக்கு வழிகாட்டியாக ஓடிப் பாருங்கள் என்பேன். இருவர் கையையும் இணைக்கும் ஒரு சிறு கயிறு, மேடு பள்ளம் திருப்பமெல்லாம் நீங்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஆனால் ஒன்று, அவரைவிட நீங்கள் கொஞ்சம் வேகமாக ஓடக்கூடியவராக இருக்க வேண்டும்.