மூன்று நாடு, ஒரே விசா: எந்த நாட்டிடம் கேட்பது?

கேள்வி: பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து ஆகிய மூன்று நாடுகளையும் ஒரே பயணத்தில் பார்க்க விரும்புகிறோம். தனித்தனி விசா வேண்டுமா? எந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும்? ஏஜென்ட் மூலம் போவது நல்லதா? முடிந்தால் லண்டனும் பார்க்க ஆசை.

பதில்: நீங்கள் சொல்லும் இதே மூன்று நாடுகளுக்கு 2024 அக்டோபரில் நானும் மனைவியும் போய் வந்தோம். அதற்கு முன்பு அதே ஆண்டு மார்ச்சில் எங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. கும்பகோணத்தில் எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். மாதச் சம்பளம் கிடையாது, சொந்தத் தொழில் என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

தனித்தனி விசா வேண்டாம். இந்த மூன்றும் ஷெங்கன் நாடுகள். 1985 ஜூனில் ஐந்து நாடுகள் சேர்ந்து தங்களுக்கு இடையிலான எல்லைச் சோதனையை எடுத்துவிட ஒப்பந்தம் போட்டன. லக்சம்பர்க்கில் மொசெல் ஆற்றங்கரையில் உள்ள ஷெங்கன் என்ற சிற்றூரில் கையெழுத்தானதால் அந்தப் பெயர். ஐந்து இன்று 29 ஆகியிருக்கிறது. சுவிட்சர்லாந்தும் நார்வேயும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனில் உண்டு. அயர்லாந்து ஒன்றியத்தில் உண்டு, ஷெங்கனில் இல்லை. ஒரு நாடு கொடுக்கும் விசா மற்ற 28 நாடுகளுக்கும் செல்லும். எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் மொத்தம் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது, அவ்வளவுதான்.

எந்த நாட்டிடம் கேட்பது என்பதில்தான் நான் சறுக்கினேன். விதி எளிமையானது. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் கேட்க வேண்டும். இரண்டு நாடுகளில் சரிசமமாகத் தங்கினால், முதலில் எங்கே நுழைகிறீர்களோ அங்கே. எங்கள் ஆசை பாரிஸில் அதிக நாள் இருப்பது. மனைவியின் தம்பி பாரிஸ் புறநகர் ஒன்றில் குடும்பத்தோடு இருக்கிறார். ஆனால் நான் பிடித்த ஏஜென்ட், "அந்த மூன்றில் வேறொரு நாட்டுக்கு அப்பாயின்ட்மென்ட் அடுத்த வாரமே கிடைக்கிறது, அங்கே ஆறு இரவு தங்குவதாகப் போட்டுவிடலாம், விசா கிடைத்த பிறகு யார் பார்க்கப் போகிறார்கள்?" என்றார். உறவினர் இருக்கிறார் என்றே எழுத வேண்டாம், திரும்பி வர மாட்டீர்கள் என்று சந்தேகப்படுவார்கள் என்றும் சொன்னார். ஓட்டல் பதிவு செய்து ரசீதை அச்சடித்துக் கோப்பில் வைத்தார். மறுநாளே பதிவை ரத்து செய்துவிட்டார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வங்கி இருப்பு கொஞ்சம் கனமாகத் தெரியட்டும் என்று என் அண்ணனிடமிருந்து நான்கு லட்சம் வாங்கிக் கணக்கில் போடச் சொன்னார். அதையும் செய்தேன். விண்ணப்பிப்பதற்குப் பதினைந்து நாள் முன்பு.

பாஸ்போர்ட் திரும்பி வந்தபோது உள்ளே ஒரு தாள் மடித்து வைத்திருந்தது. நிராகரிப்புக்கான காரணங்கள் வரிசையாக அச்சிட்ட படிவம் அது. எல்லா நாடுகளுக்கும் ஒரே மாதிரிதான். எங்கள் தாளில், பயணத்தின் நோக்கம், தங்கும் விதம் பற்றி அளித்த தகவல் நம்பத்தகுந்ததாக இல்லை என்ற வரிக்கு நேராக ஒரு கட்டத்தில் குறி. அவர்கள் ஓட்டலுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டிருந்தாலே போதும். மேல்முறையீடு செய்ய உரிமை உண்டு என்று அதே தாளில் இருந்தது. எதை வைத்து முறையிடுவது? தாளில் எழுதியிருந்தது உண்மைதானே! ஆளுக்கு 80 யூரோ கட்டணமும் விசா மையத்தின் சேவைக் கட்டணமும் போனது போனதுதான்.

அந்தத் தாளைக் கடைக் கல்லாவில் வைத்திருந்தேன். பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வந்தது. இரண்டு மாதம் கழித்து மனைவிதான், "என்னங்க, உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்துப் பார்ப்போமே" என்றாள்.

இந்த முறை ஏஜென்ட் இல்லை. ஒரு நோட்டில் கோடு போட்டு ஒவ்வொரு இரவும் எந்த ஊரில் என்று எழுதினேன். பாரிஸ் 7, பிரஸ்ஸல்ஸ் 2, ஆம்ஸ்டர்டாம் 3. ஆக 12 இரவு. நாள் கணக்கு 13, ஏனென்றால் இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் சேரும். பிரான்ஸுக்கு 7 என்பதால் பிரான்ஸிடம் விண்ணப்பம். இந்த ஒரு பக்கத்தை முதலில் எழுதிவிட்டால் மற்றக் காகிதங்கள் எல்லாவற்றையும் இதோடு ஒத்துப் பார்க்கலாம். விமான டிக்கெட், ரயில் முன்பதிவு, தங்குமிடம், காப்பீடு, விண்ணப்பத்தில் எழுதும் தேதி, எல்லாமே இந்தப் பக்கத்துக்குக் கட்டுப்பட வேண்டும். அண்ணனின் பணத்தை எப்போதோ திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆறு மாத வங்கி அறிக்கையில் கடையின் வரவு செலவு எப்படி இருக்குமோ அப்படியே, ஆடியில் இளைத்தும் முகூர்த்த மாதங்களில் பெருத்தும், இருந்தது. மூன்று வருட வருமான வரிக் கணக்கு, ஜிஎஸ்டி பதிவு, கடை உரிமம் இவற்றோடு ஒரு பக்கக் கடிதம். அதில் மார்ச் நிராகரிப்பையும் நானே எழுதினேன். மறைத்துப் பயனில்லை. எடுத்த கைரேகையும் விண்ணப்ப விவரமும் எல்லா ஷெங்கன் நாடுகளுக்கும் பொதுவான கணினிப் பதிவில் இருக்கும். கைரேகையை 59 மாதம் வரை மறுபடி பயன்படுத்தலாம் என்பது விதி.

உறவினர் வீட்டில் தங்குவதாக இருந்தால் பிரான்ஸ் ஒரு வரவேற்புச் சான்று கேட்கிறது. அழைப்பவர் தம் ஊர் நகராட்சி அலுவலகத்துக்குப் போய், வீட்டு ஆவணமும் வருமானச் சான்றும் காட்டி, 30 யூரோ முத்திரை வரி கட்டி வாங்க வேண்டும். அசல் தாளையே இங்கே அனுப்ப வேண்டும். என் மைத்துனர் ஒரு நாள் விடுப்பெடுத்து வாங்கி அனுப்பினார். பிரித்துப் பார்த்தால் மனைவியின் பெயர் 'லலிதா' என்று இருக்கிறது. பாஸ்போர்ட்டில் லலிதாம்பிகை. பிறந்ததிலிருந்து வீட்டில் கூப்பிடும் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறார்! "அக்கா பெயர் அதுதானே மாமா" என்று தொலைபேசியில் என்னிடமே கேட்டார். மறுபடி விடுப்பு, மறுபடி 30 யூரோ. நம் பெயர்களில் இன்னொரு தொல்லை, இனிஷியல். மனைவியின் வங்கிப் புத்தகத்தில் என் பெயரின் முதலெழுத்து மட்டும், பாஸ்போர்ட்டில் என் முழுப் பெயர் அவளுக்குக் குடும்பப் பெயர். விண்ணப்பம், டிக்கெட், காப்பீடு மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்களை அப்படியே போடுங்கள். வங்கியில் உள்ள வேறுபாட்டைக் கடிதத்தில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

மற்ற விதிகள் எல்லா நாட்டுக்கும் பொது. பாஸ்போர்ட் பத்து வருடத்துக்குள் கொடுக்கப்பட்டதாக இருக்க வேண்டும், பயணம் முடிந்த பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும், இரண்டு வெற்றுப் பக்கம் வேண்டும். காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, எல்லா ஷெங்கன் நாடுகளுக்கும் செல்லும்படி. ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி வரம்பு 15 நாள். முடிவு சொல்ல 15 நாள் என்பது கணக்கு, சந்தேகம் வந்தால் 45 வரை இழுக்கலாம். நாங்கள் ஆகஸ்டில் கொடுத்தோம். இடையில் 2024 ஜூனில் கட்டணம் 80 யூரோவிலிருந்து 90 ஆகிவிட்டிருந்தது. பிடிவாதமாக மார்ச்சில் பொய் சொன்னதற்கு ஆளுக்குப் பத்து யூரோ வட்டி.

சென்னை விசா மையத்தில் கோப்பை வாங்கிய பெண் நோட்டுப் பக்கத்தின் தட்டச்சுப் பிரதியை விரல் வைத்துப் படித்தார். "சார், அக்டோபர் 15 இரவு பாரிஸா, பிரஸ்ஸல்ஸா?" என்றார். பிரஸ்ஸல்ஸ் என்றேன். ரயில் முன்பதிவைப் புரட்டித் தேதி பார்த்து, தலையை ஆட்டி, அடுத்த தாளுக்குப் போனார். பத்து நிமிடத்தில் முடிந்தது. அதில் பாதி நேரம், கைரேகையை மறுபடி எடுத்தபோது மனைவியின் கட்டைவிரல் ரேகை கருவியில் விழாமல் போனதற்கு.

விசா ஸ்டிக்கரைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். எங்களுடையதில் அக்டோபர் 8 முதல் நவம்பர் 4 வரை என்று தேதி, கீழே தங்கும் நாள் 13. நவம்பர் 4 வரை இருக்கலாமே என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். முடியாது. விமானம் தள்ளிப்போனால் உதவட்டும் என்று 15 நாள் கூடுதலாகப் போடுவது அது. அந்தத் தேதிகளுக்குள் தங்கக்கூடியது 13 நாள் மட்டுமே.

உங்கள் லண்டன் ஆசைக்கு வருகிறேன். பிரிட்டன் ஷெங்கனில் இல்லை, அதற்குத் தனி விசா, தனிக் கட்டணம். அதைவிட முக்கியம், ஸ்டிக்கரில் எத்தனை முறை நுழையலாம் என்ற கட்டம். எங்களுக்கு 01. பாரிஸிலிருந்து லண்டன் போய் மறுபடி பிரஸ்ஸல்ஸ் திரும்பினால் அது இரண்டாவது நுழைவு, 01 வைத்திருப்பவர் எல்லையிலேயே நிற்க வேண்டியதுதான். லண்டன் கட்டாயம் என்றால் பயணத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ வையுங்கள், இல்லையேல் பலமுறை நுழைவு கேட்டு, காரணத்தையும் எழுதுங்கள். இந்தியர்களுக்கு 2024 ஏப்ரலில் ஒரு சலுகை வந்திருக்கிறது. மூன்று வருடத்துக்குள் இரண்டு விசா வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்தியிருந்தால், அடுத்தது இரண்டு வருடத்துக்குப் பலமுறை நுழைவு விசாவாகக் கிடைக்கும்.

பாரிஸில் வடக்கு ரயில் நிலையத்தில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் பிரஸ்ஸல்ஸ். எல்லை எங்கே வரும் என்று ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பீட் கிழங்கு வயல், காற்றாலை, மறுபடி வயல். கைப்பேசியில் 'பெல்ஜியத்துக்கு நல்வரவு' என்று குறுஞ்செய்தி வந்ததுதான் எல்லை. அதற்காகப் பாஸ்போர்ட்டை மைத்துனர் வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், வழியில் போலீஸ் கேட்கலாம்.

பாஸ்போர்ட்டில் குத்தும் முத்திரை வேறு கதை. முதலில் நுழைந்த இடத்திலும் கடைசியில் வெளியேறிய இடத்திலும் மட்டுமே குத்தினார்கள். 2025 அக்டோபர் 12 முதல் அதற்குப் பதிலாக மின்பதிவைக் கொண்டுவரத் தொடங்கிவிட்டார்கள், இனிமேல் முத்திரைக்கும் வாய்ப்பில்லை. ஊர் திரும்பியதும் அண்ணன் பாஸ்போர்ட்டை வாங்கிப் புரட்டினார். பிரான்ஸ் முத்திரை ஒன்று, நெதர்லாந்து முத்திரை ஒன்று. "பெல்ஜியம் எங்கேடா?" என்றார். சாக்லேட் பெட்டியை எடுத்து நீட்டினேன்.